எடைச் சீட்டின் எண் மலையிலேயே பிறக்கட்டும்

தேனி மாவட்டத்தில் தோட்டக் கணக்குக்கும் எடைக் கணக்குக்கும் மென்பொருள் எழுதும் இளைஞர்களுக்கு ஒரு திறந்த மடல்



சின்னமனூரிலும் உத்தமபாளையத்திலும் கம்பத்திலும் போடியிலும் மாடியறைகளில் உட்கார்ந்து நிரல் எழுதிக்கொண்டிருக்கும் உங்களுக்கு இதை எழுதுகிறேன். சென்னைக்கும் பெங்களூருக்கும் போய்விடாமல், ஊரிலேயே இருந்து ஊருக்கான மென்பொருளை எழுதுகிறவர்கள் நீங்கள். தேயிலைத் தோட்டத்துக்குக் கொழுந்து எடை, ஏலக்காய் ஸ்டோருக்கு வரவுக் கணக்கு, திராட்சை வியாபாரிக்கு லோடு கணக்கு என்று உங்களிடம் வரும் வேலைகள் பார்க்கச் சிறியவை. ஆனால் ஒவ்வொன்றின் மறுமுனையிலும் ஒருவரின் அன்றைய கூலி இருக்கிறது. அதனால் ஒரே ஒரு விஷயத்தைப் பற்றி உங்களிடம் விரிவாகப் பேச விரும்புகிறேன். ஒவ்வொரு பதிவுக்கும் நீங்கள் கொடுக்கும் அடையாள எண்ணைப் பற்றி.

மேகமலையையே எடுத்துக்கொள்வோம். தென்பழனி செக்போஸ்ட்டைத் தாண்டி 18 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஹைவேவிஸ். அதற்கப்பால் மணலாறு, மேல் மணலாறு, வெண்ணியாறு, மகாராஜா மெட்டு, இரவங்கலாறு. மேகம் இறங்கிவிட்டால் பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியாது. எந்தத் திருப்பத்தில் சிக்னல் வரும், எந்த மேட்டில் போகும் என்பது அங்கே போய் வருகிற உங்களுக்கே தெரியும். கொழுந்து எடை போடும் இடத்தைச் சிக்னல் பார்த்து யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. கொழுந்து எங்கே எடுக்கிறார்களோ அதற்குப் பக்கத்தில் தராசு தொங்கும். அம்மாக்கள் வரிசையில் நிற்பார்கள், மேஸ்திரி எடையைப் படிப்பார், கையில் டேப் (டேப்லெட்) வைத்திருப்பவர் பதிவார். நாளுக்கு இத்தனை கிலோ என்ற அளவுக்கு மேல் எடுத்த ஒவ்வொரு கிலோவுக்கும் தனிக் காசு உண்டு. அந்தக் காசுக்கு ஆதாரம் அந்த ஒரு வரிப் பதிவுதான்.

இந்த இடத்தில் பெரும்பாலானோர் எழுதும் நிரலைப் பார்த்திருக்கிறேன். டேட்டாபேஸ் தானாகக் கொடுக்கும் 1, 2, 3 என்ற வரிசை எண்ணையே பதிவின் எண்ணாக வைத்துவிடுகிறார்கள். அலுவலகத்தில் ஒரே கம்ப்யூட்டர் இருக்கும்வரை அதில் எந்தக் குறையும் இல்லை. மலையில் நான்கு டேப்கள் நான்கு மூலைகளில் சிக்னல் இல்லாமல் வேலை செய்யும்போது நிலைமை வேறு. ஒவ்வொரு டேப்பும் தன்னுடைய 412-ஆவது பதிவை எழுதுகிறது. மாலையில் நான்கும் கீழே வந்து சர்வரோடு சேரும்போது 412 என்ற எண்ணில் நான்கு பதிவுகள் மோதுகின்றன. இருக்கிற எண் வந்தால் புதியதை மேலே எழுது என்று நீங்கள் நிரலில் சொல்லியிருந்தால், மூன்று பேருடைய எடை சத்தமில்லாமல் அழிந்துபோகும். எந்தத் திரையிலும் பிழைச் செய்தி வராது. சம்பள நாளில்தான் தெரியும், அப்போதும் அந்த அம்மாவின் பேச்சுக்கு எதிராகக் கம்ப்யூட்டர் கணக்கு நிற்கும்.

இதற்கு மாற்றாகச் சிலர் தற்காலிக எண் கொடுக்கிறார்கள். சிக்னல் கிடைத்ததும் சர்வர் நிரந்தர எண்ணைத் தரும், பழையது போய்விடும். இது முந்தையதைவிட ஆபத்து என்று நினைக்கிறேன். தொழிலாளியின் கையில் கொடுத்த சீட்டில் பழைய எண் இருக்கும், பேரேட்டில் வேறு எண் இருக்கும். தன் கையில் உள்ள காகிதத்தைக் காட்டி அவர் கேட்கும்போது, அப்படி ஒரு பதிவே இல்லை என்று உங்கள் மென்பொருள் சொல்லும்.

ஆகவே நான் கேட்பது இதுதான்: எண் எடை போட்ட இடத்திலேயே, எடை போட்ட கணத்திலேயே பிறக்க வேண்டும். பிறந்தபின் மாறக்கூடாது. யாரிடமும் அனுமதி கேட்காமல் பிறந்தாலும் உலகில் இன்னொரு பதிவோடு மோதக்கூடாது. கூடவே, எண்களை வரிசைப்படுத்தினால் பதிவுகள் கால வரிசையில் வந்து நிற்க வேண்டும்.

இந்தத் தேவை நமக்கு மட்டும் வந்ததில்லை. 2010-ல் ட்விட்டருக்கு இதே சிக்கல் வந்தது. ஒற்றை டேட்டாபேஸ் தாங்காமல் பல இயந்திரங்களுக்குப் பிரித்தபோது, ஒவ்வொரு ட்வீட்டுக்கும் யார் எண் கொடுப்பது என்ற கேள்வி எழுந்தது. அவர்கள் கண்ட விடைக்கு ஸ்னோஃபிளேக் என்று பெயர். 64 பிட் எண்ணில் ஒரு பிட்டை ஒதுக்கிவிட்டு, முதல் 41 பிட்டில் மில்லி விநாடிக் கணக்கில் நேரம், அடுத்த 10 பிட்டில் இயந்திரத்தின் எண், கடைசி 12 பிட்டில் ஒரே மில்லி விநாடிக்குள் வரும் பதிவுகளுக்கான தொடர் எண். 1,024 இயந்திரங்கள், ஒவ்வொன்றும் ஒரு மில்லி விநாடிக்கு 4,096 எண்கள். யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

நம் நாட்டிலும் அதே ஆண்டில் இது போன்ற ஒன்று நடந்தது. 2010 செப்டம்பரில் மகாராஷ்டிரத்தின் தெம்ப்லி கிராமத்தில் முதல் ஆதார் எண் வழங்கப்பட்டது. நீங்கள் ஆதார் பதிந்தபோது கையில் கொடுத்த ஒப்புகைச் சீட்டு வீட்டில் எங்காவது இருந்தால் எடுத்துப் பாருங்கள். மேலே 14 இலக்கத்தில் ஒரு பதிவு எண், நான்கு, ஐந்து, ஐந்து என்று சாய்கோடு போட்டுப் பிரித்திருக்கும். பக்கத்தில் தேதியும் நேரமும், விநாடிவரை, இன்னொரு 14 இலக்கம். இரண்டும் சேர்ந்த 28 இலக்கம்தான் முழுப் பதிவு அடையாளம். முதல் நான்கு பதிவு செய்யும் முகமையைக் குறிக்கும், அடுத்த ஐந்து அந்த இயந்திரத்தை, அதற்கடுத்த ஐந்து அந்த இயந்திரத்தின் தொடர் எண்ணை. இணையம் எட்டாத ஊர்களில் பெட்டியும் கேமராவும் கொண்டுபோய்ப் பதிந்தார்கள், பதிவுகளைச் சேர்த்துவைத்துப் பின்னால் ஏற்றினார்கள். அந்த 28 இலக்கம் இருந்ததால் அது முடிந்தது. தொடர் எண் 99,999-ஐத் தாண்டி மறுபடி தொடங்கினாலும் நேரம் வேறாக இருப்பதால் மோதல் வராது. இயந்திரம், தொடர் எண், நேரம் என்று ஸ்னோஃபிளேக்கில் இருக்கும் அதே மூன்று பொருட்கள்.

ஆனால் அடுக்கு வேறு, அதைக் கவனியுங்கள். ஆதார் பதிவு எண்ணில் முகமை இடது ஓரத்தில் இருக்கிறது, நேரம் வலது ஓரத்தில். அந்த எண்களை வரிசைப்படுத்தினால் முகமைவாரியாக, இயந்திரவாரியாக அடுக்கப்படும். வங்கிகளின் ஆர்டிஜிஎஸ் பரிமாற்ற எண்ணும் அப்படித்தான்: 22 இடங்களில் முதல் நான்கு வங்கியின் குறியீடு, பிறகு இரண்டு இடங்களில் இன்னொரு குறியீடு, அதன் பிறகே எட்டு இலக்கத் தேதியும் எட்டு இலக்கத் தொடர் எண்ணும். எந்த வங்கி என்று முதலில் கேட்பவர்களுக்கு அந்த அடுக்கு சரி. யுபிஐ-யில் நேர்மாறு. உங்கள் போனில் பணம் அனுப்பிய பழைய ரசீது ஒன்றைத் திறந்து அதன் 12 இலக்க எண்ணைப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம், அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. 2025 ஜூலை 15-ல் அனுப்பியிருந்தால் 5196 என்று தொடங்கும். எண்ணின் இடது ஓரத்தில் எதை வைக்கிறீர்களோ அதன்படிதான் உங்கள் பேரேடு அடுக்கப்படும். நேற்று காலையிலிருந்து வந்த பதிவுகளை எடு என்பதுதான் எடைக் கணக்கில் தினமும் கேட்கும் கேள்வி. அதனால் நேரம் இடது ஓரத்தில் இருக்கட்டும்.

இனி நமக்கு ஒரு எண்ணை நாமே கட்டிப் பார்ப்போம். எடை போடுவது மனித வேகத்தில் நடக்கும் வேலை, மில்லி விநாடி தேவையில்லை. 2025 ஜனவரி 1, இந்திய நேரம் நள்ளிரவைத் தொடக்கமாக வைத்து விநாடிகளை எண்ணுவோம், அதற்கு 32 பிட். டேப்புக்கு 12 பிட், அதாவது 4,096 டேப்கள்வரை. ஒரே விநாடிக்குள் வரும் பதிவுகளுக்கு 9 பிட், அதாவது 512. மொத்தம் 53 பிட். 53-ல் நிறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்ட் 9,007,199,254,740,991-க்கு மேற்பட்ட முழு எண்களைப் பிசகில்லாமல் வைத்துக்கொள்ளாது, கடைசி இலக்கங்களை மாற்றிவிடும். ட்விட்டரே இதனால் ஒவ்வொரு எண்ணையும் எழுத்துச் சரமாக இன்னொரு முறை சேர்த்து அனுப்ப வேண்டியதாயிற்று. உங்கள் அறிக்கைப் பக்கம் பிரவுசரில் ஓடுகிறது என்றால் இந்த எல்லை உங்களுக்கும் உண்டு.

2025 ஜூலை 15, காலை 10:30. தொடக்கத்திலிருந்து 195 நாளும் பத்தரை மணி நேரமும் ஆகியிருக்கும், விநாடியில் 16,885,800. இதை 2,097,152-ஆல் பெருக்குங்கள் (இரண்டின் 21-ஆம் அடுக்கு, டேப்புக்கும் தொடருக்கும் விட்ட இடம்). 7-ஆம் டேப் என்பதால் 7 × 512, தொடர் எண் 3. கூட்டினால் 35412089245187. இதுதான் அந்தச் சீட்டின் எண். அதே விநாடியில் 8-ஆம் டேப்பில் பிறந்தது 35412089245699. அடுத்த விநாடியில் 7-ஆம் டேப்பின் முதல் எண் 35412091342336. எங்கே எப்போது சேர்ந்தாலும் இவை இந்த வரிசையிலேயே நிற்கும். திருப்பி 2,097,152-ஆல் வகுத்தால் ஈவு 16,885,800, அதாவது நேரம். மீதி 3,587. அதை 512-ஆல் வகுத்தால் டேப் 7, தொடர் 3. ஒரு தகராறு வரும்போது, பேனாவும் காகிதமும் வைத்துக்கொண்டே எந்தக் கருவியில் எப்போது பிறந்த எண் இது என்று காட்டிவிடலாம்.

தொடக்க நாளை எங்கே வைக்கிறீர்கள் என்பதை நிரலிலும் ஆவணத்திலும் பெரிதாக எழுதிவையுங்கள். இதைச் சொல்ல உங்கள் பள்ளத்தாக்கைவிடப் பொருத்தமான இடம் இல்லை. பாண்டியர் வரலாற்றுக்கு ஆதாரமான சின்னமனூர்ச் செப்பேடுகள் கிடைத்த மண் அது. அக்காலக் கல்வெட்டுகளும் செப்பேடுகளும் பெரும்பாலும் மன்னன் பட்டத்துக்கு வந்ததிலிருந்து எத்தனையாவது ஆண்டு என்றுதான் காலம் சொல்கின்றன. பாண்டியர்களில் சடையவர்மன், மாறவர்மன் என்ற பட்டங்கள் மாறி மாறி வருவதால், எந்தச் சடையவர்மனின் எத்தனையாம் ஆண்டு என்று உறுதி செய்ய ஆய்வாளர்கள் வானியல் குறிப்புகள்வரை தேடிப் போக வேண்டியிருந்தது. எண்ணி வைத்தவர்கள் சரியாகவே எண்ணினார்கள், எங்கிருந்து எண்ணினார்கள் என்பதுதான் நமக்குக் கிடைக்கவில்லை. உங்கள் தாலுகா அலுவலகத்தில் ஜமாபந்தி நடக்கும்போது இன்றைக்கும் பசலி ஆண்டுதான் எழுதுகிறார்கள். 2024 ஜூலையில் தொடங்கியது பசலி 1434. அங்கே குழப்பமில்லை, ஏனென்றால் பசலி என்ற பெயரும் கூடவே எழுதப்படுகிறது.

சுற்றி வருவதும் இதோடு சேர்ந்த விஷயம். விசுவாவசு ஆண்டு சித்திரை என்று மட்டும் எழுதிய ஒரு பழைய பத்திரம் கிடைத்தால் அது 1905-ஆ, 1965-ஆ என்று தெரியாது, 2025-லும் விசுவாவசு வந்தது. 60 பெயர்கள் தீர்ந்தால் மறுபடி பிரபவ. ஸ்னோஃபிளேக்கின் 41 பிட்டும் ஏறத்தாழ அதே நீளம்தான், 69 ஆண்டுகள். ட்விட்டர் 2010 நவம்பரிலிருந்து எண்ணுவதால் 2080-ல் தீரும். யுபிஐ-யின் ஒற்றை ஆண்டு இலக்கம் பத்தே ஆண்டில் சுற்றும், 2016-ல் அது தொடங்கியபோது இருந்த 6 தான் 2026-லும். ஜிபிஎஸ் பழைய சமிக்ஞையில் வாரத்துக்கு 10 பிட்தான் கொடுத்தார்கள், 1,024 வாரம் முடிந்து 1999 ஆகஸ்டிலும் 2019 ஏப்ரலிலும் பூஜ்யத்துக்குத் திரும்பியது. 1970-லிருந்து விநாடி எண்ணும் பழைய 32 பிட் நிரல்கள், குறி பிட் ஒன்று போக, 2038 ஜனவரி 19 காலை 8:44:07-க்கு, நம் நேரப்படி, நிரம்பிவிடும். நாம் மேலே கட்டிய எண்ணில் குறி பிட் இல்லை, 2161 வரை போகும். தோட்டத்துக் கணக்குக்கு அது போதும்.

இப்போது மிகவும் தொல்லையான இடத்துக்கு வருகிறேன்: கடிகாரம். நேரத்தை நம்பி எண் கட்டினால், நேரம் பொய் சொல்லும்போது எண்ணும் பொய் சொல்லும். சார்ஜ் முழுக்க இறங்கிய மலிவு டேப், மறுபடி எழும்போது 1970-க்கோ தொழிற்சாலையில் வைத்த தேதிக்கோ போயிருக்கலாம். சிக்னல் இல்லாததால் அதைத் திருத்த யாரும் இல்லை. சிக்னல் கிடைத்த கணத்தில் ஐந்து நிமிடம் பின்னுக்குத் தள்ளப்படலாம், ஏற்கெனவே கொடுத்த எண்கள் மறுபடி பிறக்கலாம். அதற்கு ஒரு விதி இருக்கிறது, இதை விட்டுக்கொடுக்கவே கூடாது. கடைசியாகக் கொடுத்த எண்ணை ஒவ்வொரு முறையும் டிஸ்க்கில் எழுதுங்கள், நினைவகத்தில் மட்டும் வைத்தால் டேப் அணைந்ததும் போய்விடும். அடுத்த எண் அதைவிடப் பெரியதாக இல்லாவிட்டால் கொடுக்காதீர்கள். கடிகாரம் சில விநாடி பின்னால் போயிருந்தால் பழைய விநாடியிலேயே நின்று தொடர் எண்ணைக் கூட்டுங்கள். மணிக்கணக்கில் போயிருந்தால் நிறுத்தி, திரையில் தமிழில் கேளுங்கள்: இன்று என்ன தேதி, இப்போது மணி என்ன?

முன்னால் தாவுவது இதைவிட மோசம். யாரோ விளையாட்டாகத் தேதியை 2035 ஆக்கி ஒரு பதிவு போட்டுவிட்டால், மேலே சொன்ன விதியின்படி அந்த டேப் 2035 வரை எழுந்திருக்காது. அதனால் கடைசிப் பதிவிலிருந்து சில நாட்களுக்கு மேல் தாவினால் அதையும் நிறுத்திக் கேட்க வேண்டும். நல்ல வேளையாக, மலைமேல் சரியான நேரம் பெற சிம் கார்டு தேவையில்லை. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் இடத்தோடு நேரத்தையும் தருகின்றன, நம் இஸ்ரோவின் நாவிக்கும் அப்படித்தான். டேப்பில் ஜிபிஎஸ் இருந்தால் காலையில் முதல் எடைக்கு முன் வானம் தெரியும் இடத்தில் ஒரு முறை நேரத்தைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

கடிகாரம் பின்னால் போகும் சிக்கல் பெரிய நிறுவனங்களையும் விடவில்லை. 2017 புத்தாண்டில், நம் நேரம் காலை 5:30-க்குச் சற்று முன்பு, உலக நேரத்தில் ஒரு லீப் விநாடி சேர்த்தார்கள். இணையச் சேவை நிறுவனமான க்ளவுட்ஃப்ளேரின் நிரல் ஒன்றில் நேரம் ஒருபோதும் பின்னால் போகாது என்ற நம்பிக்கை இருந்தது. இரண்டு நேரங்களின் வித்தியாசம் எதிர்க்குறியாக வந்ததும் அவர்களுடைய டிஎன்எஸ் சேவையின் ஒரு பகுதி விழுந்தது. லீப் விநாடியை 2035-க்குள் கைவிடுவதென்று 2022-ல் உலக நாடுகள் முடிவெடுத்திருக்கின்றன. உங்கள் டேப்பின் பேட்டரிக்கு அப்படி எந்த ஒப்பந்தமும் இல்லை.

எண்ணுக்குள் போகும் நேரம் எப்போதும் உலகப் பொது நேரத்தில் ஓடட்டும், திரையில் காட்டும்போது மட்டும் இந்திய நேரமாக்குங்கள். இந்தியாவில்தான் ஒரே நேரமாயிற்றே என்று நினைக்கலாம். 1905 வரை நம் ரயில்கள் மதராஸ் நேரத்தில் ஓடின, இரண்டாம் உலகப் போரின்போது நாடு முழுவதும் கடிகாரத்தை ஒரு மணி முன்னுக்கு வைத்தார்கள். இலங்கை 1996-ல் இரண்டு முறை நேரத்தை மாற்றியது, 2006 ஏப்ரலில் அரை மணி பின்னுக்கு வைத்தது. அங்கே உள்ளூர் நேரத்தை வைத்து எண் கட்டியிருந்தால் அந்த அரை மணி நேரத்து எண்கள் இரண்டு முறை பிறந்திருக்கும். ஓர் அரசாணையில் மாறக்கூடியதை அடித்தளமாக வைக்காதீர்கள்.

டேப்புக்கு எண் கொடுப்பதிலும் கண்ணாக இருங்கள். அலுவலகத்தில் ஒரு நோட்டில் எழுதி, ஒரு டேப்புக்கு ஓர் எண், அது உடைந்து போனாலும் அந்த எண்ணை வேறொன்றுக்குக் கொடுக்காமல் இருப்பதே பாதுகாப்பு. நான் அதிகம் அஞ்சுவது பேக்கப்பை. 7-ஆம் டேப்பின் பேக்கப்பைப் புதிய டேப்பில் ஏற்றி, பழையதும் ரிப்பேராகித் திரும்பி வந்துவிட்டால், மலையில் இரண்டு ஏழுகள் இருக்கும். பேக்கப்பிலிருந்து எழும் டேப் தன் எண்ணைத் தானே மறந்துவிட்டுப் புதியது கேட்கும்படி எழுதுங்கள். இன்னொன்று: பழைய நோட்டுக் கணக்கை மொத்தமாக ஏற்றும் நிரல் ஒரே விநாடியில் ஆயிரம் பதிவுகளை உருவாக்கும். 512-ஐத் தாண்டியதும் தொடர் எண் வழிந்து டேப்பின் இடத்துக்குள் போய், 7-ஆம் டேப்பின் பதிவு 8-ஆம் டேப்பின் எண்ணாகப் பிறக்கும். அடுத்த விநாடிவரை காத்திரு என்று ஒரு வரி எழுதினால் இது வராது.

அந்த நோட்டுக் கணக்கை ஏற்றும்போது இன்னொரு உண்மையும் தெரியவரும். எண்ணில் இருக்கும் நேரம் பதிவு பிறந்த நேரம், எடை போட்ட நேரம் வேறாக இருக்கலாம். எடை போட்ட நேரத்துக்குத் தனிக் கட்டம் வையுங்கள். அதேபோல், வெண்ணியாற்று டேப்பின் எண் மணலாற்று டேப்பின் எண்ணைவிடச் சிறியது என்பதால் வெண்ணியாற்றில்தான் முதலில் எடை போட்டார்கள் என்று சாதிக்க முடியாது. இரண்டு கடிகாரங்கள் அரை நிமிடம் விலகியிருந்தாலே வரிசை புரண்டுவிடும். கணினி அறிவியலாளர் லெஸ்லி லாம்போர்ட் 1978-லேயே இதை எழுதிவிட்டார்: தனித்தனி இயந்திரங்களில் நடப்பவற்றுள் எது முந்தியது என்பதைக் கடிகாரத்தைக் கொண்டு மட்டும் சொல்ல முடியாது. ஒரே டேப்புக்குள் வரிசை உறுதி, டேப்களுக்கு இடையே தோராயம். அறிக்கைகளுக்கு அது போதும், தண்டனைகளுக்குப் போதாது. யாருடைய கூலியையும் வெட்ட இந்த வரிசையை ஆதாரமாகக் காட்ட விடாதீர்கள்.

முற்றிலும் குருட்டெண் (ரேண்டம் எண்) போட்டுவிட்டால் இந்தக் கடிகாரத் தொல்லையே இல்லையே என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். யூயூஐடி நான்காம் பதிப்பு அப்படித்தான், 122 பிட் குருட்டு இலக்கங்கள், மோதல் நடைமுறையில் இல்லை. விலை வேறு இடத்தில் கொடுக்கிறோம். டேட்டாபேஸின் இன்டெக்ஸ் ஒரு பேரேடு மாதிரி. எண் கால வரிசையில் வந்தால் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டே போகலாம். குருட்டெண் வந்தால் ஒவ்வொரு வரிக்கும் ஏதோ ஒரு நடுப்பக்கத்தைத் திறந்து, இடமில்லாவிட்டால் பக்கத்தையே இரண்டாகப் பிரித்து எழுத வேண்டும். சர்வரில் இதைப் பதிவுகள் கோடியைத் தொடும்போது உணர்வீர்கள். மலிவு டேப்பின் எஸ்க்யூலைட்டில் இன்னும் முன்பே உணர்வீர்கள். இரண்டையும் சேர்க்கத்தான் 2016-ல் யூலிட் வந்தது, 48 பிட் நேரம், 80 பிட் குருட்டு இலக்கம். 2024 மே மாதம் ஆர்எஃப்சி 9562 வெளியாகி, யூயூஐடி ஏழாம் பதிப்பாக அதே எண்ணம் தரநிலை ஆனது. போஸ்ட்கிரஸ் 18-ல் அது உள்ளேயே இருக்கிறது.

எதை எடுப்பது? ஒரு தோட்டம், இருபது டேப், டேப்களுக்கு நோட்டு வைத்து எண் கொடுக்க ஓர் ஆள் என்றால் நான் மேலே கட்டிய சிறிய எண்ணையே எடுப்பேன், மனிதர் வாயால் படிக்கக்கூடியது என்பதால். பல தோட்டங்கள், பல நிறுவனங்களின் கணக்குகள் ஓரிடத்தில் சேரப்போகின்றன, யார் எந்த டேப் எண்ணை வைத்திருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது என்றால் யூயூஐடி ஏழு. எல்லோரும் ஒரே கூரையின் கீழ், ஒரே சர்வரில் என்றால் எதுவும் வேண்டாம். போடியிலும் புத்தடியிலும் ஸ்பைசஸ் போர்டின் ஏலக்காய் மின் ஏலத்தில் அன்றைய லாட்டுக்கு 1, 2, 3 என்ற வரிசை எண்ணே பொருத்தம். அங்கே இந்தப் பொறியெல்லாம் வீண் சுமை.

ஆளுக்குக் கொடுக்கும் எண்ணில் மட்டும் நேரத்தை வைக்காதீர்கள். ஆதார் இதைச் சரியாகச் செய்தது. பதிவுச் சீட்டின் எண்ணில் முகமையும் இயந்திரமும் விநாடியும் இருக்கின்றன, ஆளுக்குக் கொடுத்த 12 இலக்கத்தில் ஊரோ வயதோ நாளோ எதுவும் இல்லை, வெறும் குருட்டெண்ணும் கடைசியில் ஒரு சரிபார்ப்பு இலக்கமும்தான். சீட்டு ஒரு நிகழ்வைப் பற்றியது, அது எப்போது நடந்தது என்று தெரியலாம். ஒரு தொழிலாளி எந்த நாளில் வேலைக்குச் சேர்ந்தார், யாருக்கு முன் சேர்ந்தார் என்பதை அவர் கழுத்தில் தொங்கும் அட்டையைப் பார்க்கும் எவரும் கணக்கிட்டுச் சொல்லும்படி வைப்பது சரியில்லை.

அந்தச் சரிபார்ப்பு இலக்கத்தை நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள். டச்சுக் கணிதவியலாளர் வெர்ஹூஃப் 1969-ல் கண்ட முறை அது, ஓர் இலக்கம் தவறினாலும் பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இரண்டு இடம் மாறினாலும் கண்டுபிடித்துவிடும். மழைச் சத்தத்துக்கு நடுவே போனில் எண்ணைப் படிக்கும் ஊரில் இதன் மதிப்பு பெரிது. வலது ஓரத்தில் சேர்ப்பதால் வரிசை கெடாது. எண்ணின் முன்னால் பூஜ்யம் சேர்த்து எப்போதும் 16 இலக்கமாக வையுங்கள், இல்லாவிட்டால் எழுத்தாக வரிசைப்படுத்தும் இடத்தில் 9-க்கு முன்னால் 10 போய் நிற்கும். சீட்டில் நான்கு நான்காகப் பிரித்து அச்சிடுங்கள்: 0035 4120 8924 5187. சரிபார்ப்பு இலக்கம் தனியாக, ஒரு கோட்டுக்குப் பின்னால்.

உங்கள் நிரல் மலை ஏறுவதற்கு முன், மேசையிலேயே அதைப் படாத பாடு படுத்திப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். இரண்டு டேப்பை ஏரோப்ளேன் மோடில் போட்டு ஒரே நேரத்தில் பதியுங்கள். நடுவே ஒன்றின் தேதியைப் பின்னால் மாற்றுங்கள், இன்னொன்றை அடுத்த ஆண்டுக்குத் தள்ளுங்கள். பதிந்துகொண்டிருக்கும்போதே பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள். பேக்கப்பை மூன்றாவது டேப்பில் ஏற்றுங்கள். ஒரே விநாடியில் அறுநூறு பதிவுகளைத் திணியுங்கள். பிறகு எல்லாவற்றையும் சர்வரில் சேர்த்து, ஏற்றிய பதிவுகளின் எண்ணிக்கையும் இறங்கிய பதிவுகளின் எண்ணிக்கையும் ஒன்றா என்று பாருங்கள். ஒன்று குறைந்தாலும் மேலே அனுப்பாதீர்கள். தோட்டத்து ஆபீஸ் அவசரப்படுத்தினால், இந்தச் சோதனை முடியும்வரை நோட்டிலும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். மேஸ்திரியின் நோட்டு இத்தனை காலம் எண் மோதாமல் ஓடியிருக்கிறது, இன்னும் இரண்டு வாரம் ஓடும்.

அன்புடன்,
உங்களுக்கு முன்பே இந்தத் தொழிலுக்கு வந்த ஒரு நிரலாளர்